சின்னசாமி தட்டிய கதவு

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த லைன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. முன்வாசல், படுக்கையறை, பின்வாசல் என்று மூன்று கதவுகள் மாற்ற வேண்டும். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த இரண்டு ஃபைபர் கதவுகளும் ஓர் இரும்புக் கதவும் சுவரில் சாய்ந்திருந்தன. ஃபைபர் கதவைத் தட்டிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பா மாதிரி சத்தம் வந்தது. இதைக் கதவென்று விற்கிறவனை விட வாங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்காரி குணசுந்தரிக்கு அறுபது வயதிருக்கும். தனியாள். என்னை நேராகப் பின்வாசலுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே வெள்ளைக்காரன் கம்பெனிக் காலத்துத் தேக்குக் கதவு. கீல் ஆடியது, தாழ்ப்பாள் துளை தேய்ந்திருந்தது. ஆனால் மரத்தில் ஒரு பூச்சியரிப்புகூட இல்லை.

"இத்த ரெண்டா வெட்டி எரிச்சிடு, சிரிலு."

"தேக்குக்கா இது!"

"இன்னாவா இருந்தா இன்னா? அவன் தட்டிப் பழகின கதவு."

அவன் என்றால் புருஷன் சின்னசாமி. சுரங்கத்தில் பாறை சரிந்து செத்து முப்பது வருஷமாகிறது. உடம்பு மேலே வரவே இல்லை. உயிரோடு இருந்தபோது முதல் ஷிப்ட் முடிந்து ரெண்டு மணிக்குப் பின்வாசலில் வந்து தட்டுவானாம். மூன்றாவது தட்டுக்குள் திறக்காவிட்டால் பெல்ட்டைக் கழற்றுவானாம். செத்த பிறகும் தினமும் வந்து தட்டுகிறான், தான் திறப்பதில்லை என்று தக்காளி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"இப்போ கீலு ஆடுது. தோள் குடுத்துத் தள்றான். உள்ள வந்துட்டா நான் எங்க போவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சுரங்கத்தை மூடியதும் ஆட்களுக்கு வேலை போயிற்று. பேய்களுக்கும் போயிற்று போலிருக்கிறது, வீட்டுக்கு வீடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அன்று ரெண்டு மணிக்கு நான் முன்வாசலில் கீல் பதித்துக்கொண்டிருந்தேன்.

டொக்.

வெடிமருந்தும் ஈரக்கல்லும் கலந்த வாடை வீட்டுக்குள் பரவியது.

டொக்.

டொக்.

பின்கதவு உள்பக்கமாக வளைந்து முனகியது. குணசுந்தரி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "நில்லுடா நாயே, அங்கியே நில்லு," என்று முணுமுணுத்தாள். சற்று நேரத்தில் வாடை போய்விட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். காற்றுக்கு மூன்று வரை எண்ணத் தெரியுமா என்று யோசிக்க என் தலைக்கனம் விடவில்லை.

அன்று மாலையே பழைய கதவைக் கழற்றி இரும்புக் கதவை மாட்டி, மூன்று தாழ்ப்பாள் வைத்தேன். தேக்கை எரிக்க எனக்குப் பைத்தியமா? எரித்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லி எடுத்துப்போய், படுக்கையறை அளவுக்கு வெட்டி, இழைத்து, வெள்ளை பெயின்ட் அடித்தேன். மறுநாள் அவள் பேத்தமங்களாவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதையே படுக்கையறைக்கு மாட்டி, உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் வைத்தேன். மிஞ்சிய ஃபைபர் கதவை ராபர்ட்சன்பேட்டைக்கே ஆட்டோவில் திருப்பி அனுப்பிவிட்டேன். கதவுக்கும் அட்டைக்கும் வித்தியாசம் தெரியாத சனத்துக்கு இது எங்கே தெரியப் போகிறது?

ஒன்றரை மணிக்கு வந்தாள். வெள்ளைக் கதவைப் பார்த்து, "நல்லா கீது," என்றாள். பிறகு பின்வாசலுக்குப் போய் இரும்புத் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக் கதவோரமாக நின்றாள். நான் முன்வாசலில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கையறை.

ரெண்டு மணி ஆயிற்று. சத்தமே இல்லை.

"போயிட்டான் சிரிலு!" அவள் சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

டொக்.

பின்வாசலில் இல்லை.

டொக்.

ஆளில்லாத அறைக்குள்ளிருந்து வந்தது.

அவள் அந்த வெள்ளைக் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா வேல பண்ண நீ?" குரல் காற்றாகத்தான் வந்தது. "முப்பது வருசம் வெளிய நிக்க வெச்சேன்டா."

டொக்.

நான் காலையில் எண்ணெய் விட்ட கீலில் அந்தக் கதவு மெதுவாகத் திறந்தது.

நான் ஓடினேன். வெட்கம்தான், ஆனாலும் ஓடினேன். பின்னால் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து என்னை நானே காறித் துப்பிக்கொண்டு திரும்பிப் போனேன். இரும்புக் கதவில் கடைசித் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வெடிமருந்து வாடை மூக்கை அடைத்தது.

"யக்கா! யக்கா!" என்று கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் மிகப் பணிவாக வந்தது.

"சத்தம் போடாத சிரிலு. அவரு இப்பதான் கண்ணசந்தாரு."