வெள்ளைப் பந்து திரும்பி வந்த நாள்

ஐப்பசி மழைக்கு அன்று யார் மேல் கோபமோ... மதுரை கோச்சடை மில் வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஓடிய சுந்தரம்மாளைப் பாதி வழியிலேயே தொப்பலாக நனைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மில் அதிகாரிகளின் கிளப் வராந்தாவில் ஒதுங்கினாள். முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றபோது, திறந்திருந்த கதவு வழியே வெள்ளையாக எதுவோ துள்ளி வந்து அவள் கணுக்காலில் டொக்கென்று மோதியது. வலியில் கண் கலங்கிவிட்டது.

பின்னாலேயே ஒருவன் ஓடி வந்தான். கையில் நீளமான கோல். மூக்கு நுனியில் நீலச் சுண்ணாம்புப் பொடி.

“அடிச்சிருச்சாங்க...?”

“இல்ல. கொஞ்சிட்டுப் போச்சு.”

சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் விழித்தான். அப்படியொன்றும் பெரிய கண்கள் இல்லை. ஆனால் அத்தனை மழையிலும் அந்தக் கண்களுக்கு அவள் ஒருத்திதான் தெரிந்தாள் போலிருந்தது. சுந்தரம்மாள் தலையைக் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டாள். தருவதாக இல்லை.

“நீங்க... டெலிபோன் போர்டுல பேசுறவங்கதான? கொரல வச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்.”

மில் முழுக்க அவள் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. முகத்தைப் பார்க்காமலே ஒருவன் தன்னை அறிந்து வைத்திருக்கிறான் என்பது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

அவன் பெயர் மலையாண்டி. எழுமலை ஊர்க்காரன். நூல் சோதிக்கும் பிரிவில் உதவி அதிகாரியாகச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு வித்தை காட்டிவிட்டுப் போயிருந்தார். வெள்ளைப் பந்து போய்ச் சிவப்புப் பந்தை இடிக்கும், சிவப்பு ஓடிவிடும், வெள்ளை மட்டும் யாரோ கூப்பிட்ட மாதிரி அடித்தவரிடமே திரும்பி வரும். டிரா ஷாட் என்று பெயராம். அன்றிலிருந்து மலையாண்டிக்கு அதே பைத்தியம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், அதிகாரிகள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து முயற்சி செய்துகொண்டிருந்தான். வெள்ளைப் பந்தோ திரும்பி வருவதற்குப் பதில் எகிறிக் குதித்து வெளியே ஓடியது.

மழை நிற்கிற வரைக்கும் பார்க்கலாம் என்றுதான் சுந்தரம்மாள் உள்ளே போனாள். மேசையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் சோணை, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மழை நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. சுந்தரம்மாள் வெயிலுக்கு ஒதுங்கினாள்.

இருவரும் சேர்ந்து தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டார்கள். பந்தின் அடிவயிற்றில் குத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகக் கோலின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, பந்தைத் தோண்டி எடுக்கப் பார்த்தான். அதனால்தான் அது குதித்தது. கோல் மேசையோடு மட்டமாகப் படுத்திருக்க வேண்டும் என்று ஒரு வாரம் புரிந்தது. நுனியில் சுண்ணாம்பு தேய்க்காவிட்டால் வழுக்கிவிடும் என்று இன்னொரு வாரம். எல்லாம் சரியாகச் செய்தும் பந்து இடித்த இடத்திலேயே செத்துப் போய் நின்றது.

“பந்தத் தொட்டதும் கோல வெடுக்குனு இழுத்துக்கிறீங்க,” என்றாள் ஒருநாள்.

“பச்சத் துணி கிழிஞ்சிருமோன்னு...”

“அம்புட்டுப் பயந்தா எப்பிடி? பந்தத் தாண்டியும் கோல் போகணும்ல.”

“அப்ப நீங்கதான் போட்டுக் காட்டுங்க.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். கோலை இறுக்காமல், பூக்கூடையைப் பிடிப்பது போல் லேசாகப் பிடித்தாள். மூச்சை விட்டாள். கோல் நீளமாகப் போனது. வெள்ளைப் பந்து சிவப்பை இடித்தது... ஒரு கணம் யோசித்தது... பிறகு மெல்ல, மிக மெல்ல, அவளை நோக்கி உருண்டு வந்து விரல்களில் முட்டி நின்றது.

மலையாண்டி கிட்டே வந்தான். அந்த விரல்களின் மேல் தன் கையை வைத்தான். சோணை ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று சுந்தரம்மாளுக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போகும்போது, இறங்க வேண்டிய விளாங்குடி நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவன் ‘நீங்க’ என்பதை விட்டுவிட்டான். அவள் விடவில்லை. காதல் என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாசி மாதம். எழுமலையில் உரக்கடை வைத்திருந்த மலையாண்டியின் அண்ணன் உக்கிரபாண்டியிடமிருந்து டிரங்க் கால் வந்தது. மலையாண்டி இருந்த கிளப்புக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, லைன் சரியாக விழுந்ததா என்று காதில் வைத்துப் பார்த்தாள். அது அவள் வேலை. கேட்கக் கூடாதது காதில் விழுந்தது.

யாரோ ஒரு பெண்ணோடு பழகுகிறானாமே, மில்லில் பஞ்சுப் பொதி சுமக்கிற பால்பாண்டி மகளாமே, அவர்கள் ஆட்கள் நம் வீட்டுப் படி ஏறியதுண்டா என்று அண்ணன் கேட்டார். மலையாண்டி குரலைத் தாழ்த்தினான்.

“அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. மழைக்கு ஒதுங்குன பொண்ணு... அம்புட்டுத்தான்.”

சுந்தரம்மாள் இணைப்பிலிருந்து விலகிக்கொண்டாள். பொதி சுமந்து தன்னைப் படிக்க வைத்த அப்பாவின் தோள் காய்ப்பு கண்முன் வந்தது. அந்தத் தோளுக்கு இல்லாத மரியாதை தனக்கு எதற்கு?

மறுநாள் சாயங்காலம் டெலிபோன் அறையின் ஜன்னலில் வந்து நின்றான் மலையாண்டி. முகம் வெளிறியிருந்தது. தப்பாகப் பேசிவிட்டேன், ஒரு நிமிஷம் கேளு என்றான். அவள் அடுத்த அழைப்பை எடுத்தாள். மறுபடியும் ஒருநாள் வந்தான். பிறகு கடைசியாக வந்தபோது கேட்டான்.

“எம் மேல ஒனக்கு ஒண்ணுமே இல்லையா சுந்தரம்?”

“மழைக்கு ஒதுங்குனவளுக்கு என்னங்க இருக்கும்?”

அவன் கண்கள் அப்போதும் அவளையே பார்த்தன. அவள்தான் பார்வையை விலக்கிக்கொண்டாள். அந்த மாதமே திண்டுக்கல்லில் வேறொரு மில்லுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நாள்தான்.

இரண்டு வருஷம் கழித்து சோணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். விடைபெற வந்தவர், மலையாண்டி ஊரை விட்டுப் போகும்போது தன்னிடம் சொன்னதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த டிரங்க் கால் வந்த ராத்திரியே மலையாண்டி எழுமலைக்குப் போயிருக்கிறான். கட்டினால் பால்பாண்டி மகளைத்தான் கட்டுவேன் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். வீட்டில் இனி இடமில்லை என்று துணிப்பையை வெளியே வைத்துவிட்டார்களாம்.

“அதச் சொல்லத்தான் ஒஞ் சன்னலுக்கு வந்தாப்ல. சொன்னாப்லதானம்மா?” என்றார் சோணை.

சுந்தரம்மாளுக்கு அந்த ஜன்னல் குரல் காதில் கேட்டது. ஒரு நிமிஷம் கேளு... ஒரு நிமிஷம் கேளு... அந்த ஒரு நிமிஷத்தைத் தராமல் போனோமே.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறினாள். மில் வாசல் டீக்கடையில் அவனைப் பார்த்தாள். இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். சோணை சொன்னதைச் சொன்னாள். அன்று ஜன்னலில் அவன் வந்து நின்றபோது கேட்டிருக்க வேண்டும், தப்புத்தான் என்றாள். அவன் தலையை ஆட்டினான். மொதத் தப்பு என்னோடது என்றான்.

பிறகு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, தை மாதம் தனக்குக் கல்யாணம் என்றான். இங்கே வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது ஊரிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குடியிருந்த வீட்டு அம்மாதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அவர் மகள் அழகம்மாள். அந்த அம்மா கேட்டபோது மறுக்க அவனிடம் காரணம் இல்லை.

“இப்ப நீ ஒரு வார்த்த சொன்னா...” என்று ஆரம்பித்தான்.

“சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

மதுரை பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பி அவன் முன்னால் வந்து நின்றாள்.

“ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எனக்கு ஒங்கள ரொம்பப் பிடிக்கும். பந்து பின்னால ஓடி வந்தீங்களே, அப்பவே பிடிச்சிருச்சு. இன்னைக்கும் பிடிக்கும். இது ஒங்களுக்குத் தெரியாமப் போயிறக் கூடாது.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“தெரியாமத்தான போயிருச்சு சுந்தரம்... தெரிஞ்சிருந்தா, அந்தச் சன்னலுக்கு இன்னொரு தடவ வந்திருப்பேன்ல.”