தண்ணீரில் இறங்கும் நாள்

மூன்று நாளாக அவனுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. வலியும் இல்லை. அடிவயிற்றில் மட்டும், ஈரத்துணியை யாரோ மெல்ல மடித்து வைப்பது போல ஓர் அசைவு.

தவளைப் பண்ணையில் தொட்டி கழுவுவது அவன் வேலை. அடியில் தேங்கும் பச்சைத் தண்ணீரை வெளியேற்ற, ரப்பர் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவான். ஒரே இழுப்பில் தண்ணீர் ஓடிவிடும் என்பதால் கூட்டாளிகள் அவனுக்கு ‘மோட்டார்’ என்று பேர் வைத்திருந்தார்கள். போன வாரம் இழுப்பு கூடிப்போனது. வாய் நிறைய விழுங்கிவிட்டான். பாசியும் சளியும் கலந்த அந்த வாடை இன்னும் தொண்டையை விட்டுப் போகவில்லை.

முந்தாநாள் பண்ணை டாக்டரம்மா செத்த தவளை ஒன்றை அறுத்து, அதன் மூத்திரப்பைக்குள் இலை போலத் தட்டையாக ஒட்டிக்கிடந்த புழுவைக் காட்டினார்.

“இதுக்கு அவசரமே கிடையாது. வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். முட்டையிட தவளை என்னைக்குத் தண்ணில இறங்குதோ, அன்னைக்குத்தான் இதுவும் முட்டை விடும்.”

“மனுஷனுக்குள்ள போனா?”

“மனுஷன் என்ன தவளையா? போய் வேலையைப் பாரு, மோட்டாரு.”

அன்றிலிருந்து அவன் குளிக்கவில்லை. நாலு வயது மகளை மடியில் ஏற்றவில்லை. அவளிடம் மட்டும் இது போய்விடக் கூடாது.

“புள்ள உங்களை என்னங்க பண்ணுச்சு?” என்றாள் மனைவி. “குளிக்கவும் மாட்டேங்கறீங்க. தவளையே உங்களைப் பார்த்தா மூக்கைப் பொத்திக்கும்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

நடுப்பகல் மங்கியது, சன்னல் வழியே வந்த ஈரக்காற்று முதுகுத்தோலில் படிந்து உள்ளே ஊறியது, வாசல் தகரத்தில் விழுந்த ஒவ்வொரு சொட்டுக்கும் அடிவயிறு பதில் சொன்னது. கட்டில் காலை இறுகப் பிடித்தான். கை வழுக்கியது.

கால்கள் எழுந்தன. படி. இன்னொரு படி. மொட்டை மாடி. குடிதண்ணீர்த் தொட்டி. மூடியைத் தூக்கியது தன் கைதான்.

கழுத்து வரை குளிர்ச்சி.

எழ வேண்டும். எழவில்லை.

உள்ளே மூன்று நாள் அடைப்பு இளகியது. அவனைச் சுற்றிப் பழுப்பு மணிகள் பரவின. நூறு. ஆயிரம். மெல்ல அடியில் இறங்கின. அங்கே தண்ணீர் சுழலத் தொடங்கியிருந்தது. கீழே குழாயைத் திறந்துவிட்டார்கள்.

“அம்மா, நானே புடிச்சுட்டேன். குடிக்கட்டுமா?”

“குடி, கண்ணு.”

கத்த வாயைத் திறந்தான். குரல் இல்லை. மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தன.