உடைந்தது எந்தச் சிறகு?

அந்த மாதம் ‘சிறகன்’ படக்கதை இதழ் ஒரே ஒரு பிரதிதான் வந்திருந்தது. அதை இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பிடித்தன.

ஒன்று கல்யாணசுந்தரியின் கை. இன்னொன்று யாருடையது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் நுனியெல்லாம் கறுப்பு மை, நகக்கண்ணிலும் மை... அதை மட்டும் பார்த்தாள்.

“விடுங்க,” என்றாள்.

“நான்தான மொதல்ல எடுத்தேன்.”

“நான் மொதல்ல பாத்தேன்.”

“பாத்தவுகளுக்கெல்லாம் குடுக்கணும்னா காரைக்குடிக்கே குடுக்கணும்.”

கடைக்காரர் கருத்தையா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே தொங்கிய வாரப் பத்திரிகைகளை அவிழ்த்துக் கொண்டிருந்தார். பஸ் நிலையத்தை ஒட்டிய கடை. ஐப்பசி மழை திடீரென்று பிடித்துக்கொண்டது.

“கிழிச்சுறாதீக ரெண்டு பேரும்,” என்றார். “அத வாங்குறதே இந்த ஊருல ரெண்டு பேருதான். ஒண்ணு இந்தப் புள்ள, ஒண்ணு நீரு. இந்த மாசம் ஒண்ணுதான் அனுப்பியிருக்கான். நான் என்ன செய்ய?”

கல்யாணசுந்தரி அப்போதுதான் நிமிர்ந்தாள். மாதாமாதம் தனக்கு முன்போ பின்போ வந்து இன்னொரு பிரதியை வாங்கிப்போகிற ஆள் இவன்தானா... இருபத்திரண்டு வயது இருக்கும். நெற்றியில் மழைத்துளி. கண்ணில் மட்டும் சிரிப்பு, உதட்டில் இல்லை.

அவள் உடனே குனிந்துகொண்டாள்.

மற்றப் படக்கதை வீரர்களிடம் துப்பாக்கி இருந்தது, குதிரை இருந்தது. அவர்கள் கட்டுக் கட்டாக விற்றார்கள். சிறகனிடம் ஒன்றும் கிடையாது. பகலில் ஒரு மலையூரில் தபால்காரன். யாருக்காவது ஆபத்து என்றால் முதுகில் சிறகு விரியும். மழையில் நனைந்தால் அதுவும் விரியாது. பாதிக் கதைகளில் அடிபட்டுத்தான் திரும்பி வருவான். ஆனாலும் மறுநாள் தபால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கல்யாணசுந்தரிக்கு அந்த மறுநாள்தான் பிடிக்கும்.

“இங்ஙனயே உக்காந்து படிச்சிட்டு எந்திரிங்க. மழையும் விட்டுரும்,” என்று கருத்தையா பலகையைக் காட்டினார்.

பலகையின் இந்தப் பக்கம் அவள், எதிர்ப் பக்கம் அவன். நடுவில் புத்தகம், அவளைப் பார்த்தபடி. அவள் பக்கத்தைத் திருப்பும் முன்பே அவன் படித்து முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

“தலைகீழாவா படிக்கிறீக?”

“அச்சாபீசுல ஈய எழுத்துக் கோக்குறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம். எங்களுக்கு எழுத்து தலைகீழாத்தான் இருக்கும். ஒங்கள மாதிரி நேராப் படிச்சாத்தான் கண்ணு வலிக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் பக்கத்தில் சிறகன் ஒரு பாறையில் உட்கார்ந்து, முன்பு உடைந்த இடது சிறகு இன்னும் வலிக்கிறதே என்று வருந்தினான்.

“தப்பு,” என்றாள் கல்யாணசுந்தரி. “ஒடஞ்சது வலது.”

அவன் பலகையைத் தட்டினான். “போச்சுடா. இதையேதான் கண்டனூர் சுந்தரம்னு ஒரு ஆளு மூணு மாசமா வாசகர் கடிதத்துல எழுதிக்கிட்டு இருக்காரு. நானும் பதில் எழுதி எழுதிப் பாத்துட்டேன். ஒத்துக்க மாட்டேங்குறாரு மனுசன்.”

அவள் கை புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது.

அப்படியானால் இவன் கோட்டையூர் குழந்தைவேலு. ‘கண்டனூர் சுந்தரத்துக்குச் சோறு உண்ணும் கை எது என்று அவர் வீட்டார் சொல்லித் தரட்டும்’ என்று எழுதியவன். அந்த வரியைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை.

ஏனென்றால் கே. சுந்தரம் என்பது அவள்தான்.

அப்பா இறந்த வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்பு. தோட்டத்தை அம்மா மலையம்மாள் ஒருத்தியால் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு, படித்தவள் என்று யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிறகன் இதழின் கடைசிப் பக்கத்தில் மட்டும் அவள் எழுதியதை அச்சடித்தார்கள், பதில் சொன்னார்கள். பெண் பெயரில் அனுப்பத் தைரியம் வராமல் பெயரில் பாதியை வெட்டி அனுப்பினாள். அந்த இடத்திலும் ஒன்றும் தெரியாதவள் என்று ஆகிவிட்டால்... அவளுக்கு வேறு இடம் இல்லை.

“வலதுதான்,” என்றாள். “எங்கிட்ட அந்தப் பக்கமே இருக்கு. அடுத்த சந்தைக்குக் கொண்டாறேன்.”

“கொண்டாங்க. அது இருக்கட்டும், ஒங்க பேரு?”

“எதுக்கு?”

“எம்பேரு குழந்தைவேலு.”

“பேருக்கேத்த மாதிரி படப்புத்தகம் படிக்கிறீக,” என்று சொல்லிவிட்டு மழை விடுவதற்கு முன்பே எழுந்து நடந்தாள். பாதி தூரம் போன பிறகுதான், புத்தகத்தை அவனிடமே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரச் சந்தையில் அம்மா தோட்டத்துக் கத்தரிக்காயை விற்கக் கொட்டிப் பரப்பியதும் கல்யாணசுந்தரி கடைக்கு வந்தாள். மடியில் ஒரு நோட்டு. அவன் முன்பே வந்து நின்றான். சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. தனக்காகவா... சேச்சே, என்று நினைத்துக்கொண்டாள்.

நோட்டைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டிய ஒரு தாள். நாலு வருஷத்துக்கு முன் பணியாரம் சுற்றி வந்த தாள். சிறகனை அவள் முதன்முதலில் பார்த்தது அதில்தான். பக்கம் முழுவதும் அவன் முகம். முகத்துக்குப் பின்னால் மங்கலாக, வானத்திலிருந்து விழும் ஓர் உருவம்; வலது சிறகு இரண்டாக மடிந்திருந்தது.

“பாத்துக்கங்க,” என்றாள்.

குழந்தைவேலு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு அந்த மங்கலான உருவத்தின் பக்கத்தில் விரலை வைத்துச் சரளமாகப் படித்தான். “‘தபால் பையை மட்டும் காப்பாற்றுங்கள்...’ எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கே. இது இந்தப் பக்கத்துப் படம் இல்லங்க. பின்பக்கத்துல உள்ளது. பணியாரத்து எண்ணெய் ஊறி இங்குட்டுத் தெரியுது. திருப்பிப் பாத்தா இடதுதான்.”

அவள் தாளையே பார்த்தாள். முகம் பெரிதாக இருந்த பக்கத்தை மேலே வைத்து ஒட்டியது அவள்தான். மறுபக்கத்தை அதன் பிறகு பார்க்கவே இல்லை. நாலு வருஷமாக எண்ணெயில் தெரிந்ததை நம்பிக்கொண்டிருந்தாள்.

காற்றில் நோட்டின் அடுத்த தாள் புரண்டது. அதில் கையெழுத்துப் பழகியிருந்தாள். கே. சுந்தரம், கண்டனூர். கே. சுந்தரம், கண்டனூர். பக்கம் முழுவதும்.

அவன் படித்தான். நிமிர்ந்தான். சிரிப்பு பீறிட்டு வந்தது.

“அட... சுந்தரம் அண்ணே, நீங்கதானா?”

அவன் மகிழ்ச்சியில்தான் சிரித்தான். அவளுக்கு அது தெரியவில்லை. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு சந்தைக்குள் போய்விட்டாள். பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. “ஏங்க... நில்லுங்க. நான் அப்பிடிச் சொல்லல.”

அதற்குப் பிறகு ஐந்து சந்தை அவள் வரவில்லை. தலைவலி என்றாள். தோட்டத்தில் வேலை என்றாள். நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டாள்.

ஐந்தாவது சந்தை முடிந்து வந்த மலையம்மாள், கூடையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். “அந்தப் பேப்பர் கடைக்காரரு குடுத்தாரு. ஒன் பங்காம். என்னடி பங்கு? அங்குட்டு என்ன தோட்டமா வச்சிருக்க?”

“சும்மா படக்கதைம்மா.”

அம்மா அடுப்படிக்குப் போனதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

‘கண்டனூர் சுந்தரம் அவர்களிடம் உள்ள பக்கத்தை நேரில் பார்த்தேன். அவர் பார்க்கும் பக்கத்திலிருந்து உடைந்தது வலது சிறகுதான். அவர் பக்கம் நின்று பார்க்காமல் எழுதியது என் தவறு. சோறு உண்ணும் கை பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். - குழந்தைவேலு, கோட்டையூர்.’

இரண்டு முறை படித்தாள். சரியாகச் சொன்னவன் அவன். இருந்தும் தவறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். ஊர் முழுக்கப் படிக்கும்படி... சரி, ஊரில் இரண்டு பேர் படிக்கும்படி.

புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சின்னத் தாள் விழுந்தது. அச்செழுத்து. ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் இடவலம் மாறியிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு துளி நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவி, தாளைத் திருப்பிப் பிடித்தாள்.

‘மாதம் இரண்டு பிரதி வருகிறது. நமக்கு ஒரே பிரதி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?’

“எண்ணெயக் கையில வச்சுக்கிட்டு என்னடி சிரிப்பு?” என்றாள் மலையம்மாள்.

அடுத்த சந்தைக்கு அம்மாவுக்கு முன்பே கல்யாணசுந்தரி கூடையைத் தூக்கினாள்.

அவன் கடையில் இருந்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த பத்திரிகையை நேராகப் பிடிப்பதா தலைகீழாகப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

“அந்தத் தாள எப்பிடி அடிச்சீக?”

“அடிச்ச தாளுல மை காயிறதுக்குள்ள இன்னொரு தாள அது மேல வச்சு அமுக்குனேன். மொதலாளி சாப்பிடப் போனப்ப.” அவள் கையை எட்டிப் பார்த்தான். “கண்ணாடியிலயே காட்டிப் படிச்சிருக்கலாமே நீங்க. எதுக்கு எண்ணெய்?”

அவள் கையில் இருந்த அந்தத் தாளின் எண்ணெய்ப் பளபளப்பை அவன் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“எனக்கு எண்ணெயில படிச்சுத்தான் பழக்கம்.”

புதுக்கோட்டை பஸ் ஒன்று கிளம்பிப் போனது. அவன் மெதுவாகக் கேட்டான், “நான் கேட்டதுக்கு...?”

அவள் கடைப்பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, அடுத்த மாசத்துலேருந்து சிறகன் ஒரு பிரதி போதும்.”

“ஏந்த்தா? படிக்கிறத விட்டுட்டியா?”

“விடல.”

கருத்தையா அவளைப் பார்த்தார். மை படிந்த விரல்களோடு நிற்கும் அவனைப் பார்த்தார். “வெளங்கிருச்சு. இருந்ததே ரெண்டு கிராக்கி. அதுலயும் ஒண்ணு போச்சு,” என்று முனகிக்கொண்டே நூல்கண்டைத் தேடப் போனார்.

“எங்கம்மா சந்தையில கீழவரிசையில நாலாவதா உக்காந்திருக்கும்,” என்றாள் கல்யாணசுந்தரி, தரையைப் பார்த்தபடி. “ஒங்கம்மாவக் கூட்டியாந்து பேசுங்க. மொதல்ல கத்தரிக்கா வாங்குங்க, அப்பறமாப் பேசுங்க.”

“சரி.”

“அப்பறம்... கல்யாணப் பத்திரிகைய நீங்கதான கோப்பீக?”

“வேற யாரு கோப்பா?”

அவள் முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“எம்பேர முழுசாக் கோக்கணும். கல்யாணசுந்தரி. சுந்தரம் இல்ல.”