மைதானத்தில் நான்கு உருளைக்கிழங்குகள்

வெள்ளிக்கிழமை காலை. பள்ளி அலுவலகத்தில் மார்லா, குடும்பங்களுக்கான இலையுதிர்காலச் செய்தி மடலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு விழா. பூசணிக்காய் செதுக்கும் போட்டி, வைக்கோல் வண்டிச் சவாரி, சுட்ட உருளைக்கிழங்கு, கடைசியில் மைதானத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. 'கையுறைகளை மறக்காதீர்கள்' என்று அடித்து முடித்தபோது கதவு திறந்தது.

எட்டாம் வகுப்பு ஃபே உள்ளே வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"மிஸ், மடலை அனுப்பிட்டீங்களா?"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்குத்தான். ஏன்?"

"எட்டாம் வகுப்புக்கு இன்னிக்கி விழா கிடையாதுன்னு அதுல போடச் சொல்லப் போறாரு பிரின்சிபால். என்னாலதான். க்ளாஸ்ல ஒருத்தரும் என்கூடப் பேச மாட்டேங்கறாங்க. ஆனா நான் எடுக்கலை மிஸ்!"

எதை எடுக்கவில்லை என்று மார்லா கேட்கவில்லை. காலையிலிருந்து பள்ளி முழுக்க அதே பேச்சுதான். ஒவ்வொரு வருடமும் விழாவுக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வைக்கோல் மான் செய்வார்கள். சாக்குத் தோல், பொத்தான் கண்கள், நிஜ மானின் உயரம். கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் ஒரு வாரமாக நின்ற அந்த மான் இன்று விடிந்தபோது அங்கே இல்லை. சென்ற வருட மானுக்கு இரவோடு இரவாக ரோஸ் நிறப் பெயிண்ட் அடித்தவர்கள் இப்போதைய எட்டாம் வகுப்பினர். அதனால் எல்லோருடைய விரலும் அவர்கள் பக்கமே நீண்டது.

மார்லாவின் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். இப்படி ஒரு காலைக்காக அவள் பல வருடங்களாகக் காத்திருந்தாள். ஃபேயின் கையைப் பிடித்து நேராக அறிவியல் அறைக்கு அழைத்துப் போனாள்.

அறிவியல் ஆசிரியை ஒடீல் மிஷோ ஆப்பிளைத் தோல் அறாமல் சீவிக்கொண்டிருந்தாள். ஆய்வகத் தவளைகளைத் திறந்துவிட்டது யார், ஆசிரியர் அறை பிஸ்கட்டைத் தின்பது யார் என்பதையெல்லாம் குரலை உயர்த்தாமலே கண்டுபிடித்தவள் அவள்.

"பிரின்சிபால் உன்னை ஏன் பிடிச்சாரு?"

"ஷூவுல மைதானத்துச் சேறு. பை ஜிப்புல வைக்கோல். நேத்து சாயங்காலம் நான் மான்கிட்ட போனது உண்மைதான் மிஸ்." ஃபே தரையைப் பார்த்தாள். "கொம்பு கட்டப் போனேன்."

"கொம்பா? அது பொட்டை மான்ல?" என்றாள் மார்லா.

"ஆமா, கொம்பு இல்லாமத்தான் செஞ்சாங்க. வசந்த காலத்துல காட்டுல நான் ஒரு ஜோடி கண்டெடுத்தேன், மான் உதிர்த்துட்டுப் போனது. பக்கத்துக்கு அஞ்சு கிளை. பெயிண்ட் அடிச்ச கூட்டத்துல நானும் இருந்தேன். என் தம்பி இப்ப ஆறாவது. அந்த மானைப் பத்தியே பேசறான். அதான், யாருக்கும் சொல்லாம கட்டிட்டு வந்தேன். பனிமூட்டம், யாருமே இல்லை."

"பிரின்சிபால்கிட்ட இதைச் சொன்னியா?"

"வாயைத் திறக்கலை. எங்க கொம்புன்னு கேட்டா எதைக் காட்டுவேன்? மானும் போச்சு, கொம்பும் போச்சு."

ஒடீல் ஆப்பிளை மூன்றாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். "நல்லதாப் போச்சு. இனிமேலும் சொல்லாதே. மார்லா, நீயும்தான்."

மைதானம் ஈரமாக இருந்தது. மான் நின்ற இடத்தில் நான்கு குச்சிக் குழிகள். அங்கிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரை வைக்கோல் துணுக்குகள் கோடாகச் சிந்திக் கிடந்தன.

"இழுத்துட்டுப் போய் வண்டியில ஏத்தியிருக்காங்க. ஃபேக்கு ஏது வண்டி?" என்றாள் மார்லா பரபரப்பாக.

"நல்ல கேள்வி. எட்டாம் வகுப்புல யாரோட அண்ணனாவது வந்திருக்கலாமேன்னு பிரின்சிபால் சொல்வாரு." ஒடீல் மானின் இடத்தைத் தாண்டிப் போய்க் குனிந்தாள். புல்லில் ஒரு உருளைக்கிழங்கு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மொத்தம் நான்கு.

மார்லா சிரித்துவிட்டாள். "நம்ம ஊருல உருளைக்கிழங்கு ஒரு துப்பா ஒடீல்? கிழங்கு அறுவடைக்கு ஸ்கூலுக்கு விட்ட லீவு முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகலை. லாரி போன ரோடெல்லாம் உருண்டு கிடக்கு."

"ரோட்டுல. இது வேலிக்கு உள்ள. லாரியிலிருந்து விழுந்தா இவ்வளவு தூரம் வராது. கையில வாங்கிப் பாரு."

மார்லா வாங்கிப் பார்த்தாள். "கிழங்குதான்."

"கழுவின கிழங்கு. வயலிலிருந்து வர்றது மண்ணோட வரும். இந்த ஊருல கழுவின கிழங்கு யாருகிட்ட இருந்தது?"

மார்லாவுக்கு இப்போது உறைத்தது. விழாவில் சுடுவதற்கான மூட்டைகள்! அவற்றைக் கழுவிக் கொண்டுவந்தவர் விவசாயி ரெனால்ட். நேற்று நண்பகலில் இறக்கிவைத்தவர் பள்ளிப் பராமரிப்பாளர் லாய்டு. கிடங்குச் சாவி பிரின்சிபால் ஹாஸ்கெல்லிடம்.

"மூணு பேரு. அதுல பிரின்சிபாலுமா?" அவள் குரல் கிசுகிசுப்பானது.

"பதினோரு மணிக்கு மூணு பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிடு. மடலுக்கு உதவி வேணும்னு மட்டும் சொல்லு. ஃபேயும் வரட்டும். பூசணிக்காய் அடுக்கற மாதிரி ஓரமா நிக்கட்டும்."

ஹாஸ்கெல் கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். லாய்டு துடைப்பத்தோடு வந்தார். ரெனால்ட் வரும்போதே கூடம் நிறைந்தது. ஊரிலேயே பெரிய வேட்டைக்காரர், பெரிய குரல்காரர்.

"என்ன லாய்டு, இன்னிக்கி ஏதாவது மரக்கட்டையைப் பிடிச்சியா?" என்று அவர் லாய்டின் முதுகில் தட்டினார். மரக்கட்டையை மான் என்று நினைத்து லாய்டு ஒரு மணி நேரம் பதுங்கியிருந்த கதையை ஆறு வருடங்களாக எல்லா விருந்துகளிலும் அவர்தான் சொல்லிவருகிறார். "இருநூறு அடி தூரத்துல நின்னே சொல்வேன்டா நான், எது நிஜம், எது பொம்மைன்னு!"

"ஒரு சின்ன உதவிதான்," என்றாள் ஒடீல். "மானைக் காணோம்னு மடல்ல போடணும். கடைசியா எப்ப பாத்தீங்க, எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா மார்லா அடிச்சுக்குவா."

"புதன்கிழமை பாத்தேன். சாக்குத் தோல், பொத்தான் கண்," என்றார் ஹாஸ்கெல்.

"நேத்து மத்தியானம், மூட்டை இறக்கும்போது," என்றார் லாய்டு. "இடது காது கொஞ்சம் தொங்கும்."

"நானும் அப்பதான். இறக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டேன்," என்றார் ரெனால்ட்.

"அப்ப இப்படி எழுது மார்லா," என்றாள் ஒடீல் நிதானமாக. "காணவில்லை. வைக்கோல் மான். சாக்குத் தோல், பொத்தான் கண். கொம்பு இல்லாத பெண் மான்."

மார்லாவின் விரல்கள் மடிக்கணினியில் தட்டின. ஹாஸ்கெல் தலையாட்டினார். லாய்டு தலையாட்டினார். ரெனால்ட் நாற்காலியில் நெளிந்தார். தொண்டையைச் செருமினார். பொறுக்க முடியவில்லை.

"பொட்டை மானா? என்னம்மா நீங்க! பத்துக் கிளை! அப்படி ஒரு ஜோடியை இந்தப் பக்கத்துல பாத்து எத்தனை வருஷம் ஆச்சு! அதைப் போய்..."

ஓரத்தில் ஃபேயின் கையிலிருந்த பூசணிக்காய் பொத்தென்று மேசையில் இறங்கியது.

"கொம்பா? எந்த மானுக்குக் கொம்பு?" என்றார் ஹாஸ்கெல்.

"நேத்து மத்தியானம் கிடையாது சார்," என்றாள் ஒடீல். "சாயங்காலம் ஃபே கட்டினா. தான் செஞ்ச தப்புக்கு ஈடா, ரகசியமா. அவளைத் தவிர அந்தக் கொம்பைப் பாத்திருக்கக் கூடியவர் ஒருத்தர்தான், அதுக்கப்புறம் மான்கிட்ட வந்தவர். ஆண் மானைப் பொட்டைன்னா வேட்டைக்காரங்களுக்குப் பொறுக்காது. அதனாலதான் அப்படி எழுதச் சொன்னேன்."

ரெனால்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"வைக்கோல் கட்டு இறக்க ராத்திரி மறுபடியும் வந்தேன்," என்றார் மெதுவாக. "பனியில ஒண்ணும் தெரியலை. பாத்தா, பத்துக் கிளையோட ஒரு ஆண் மான்! நம்ம பொம்மைப் பொட்டையைத் தேடி நிஜ மான் வந்துடுச்சுன்னு நினைச்சேன். ஜோடி தேடற காலம். அப்ப அதுங்களுக்குப் பயமே இருக்காது, ஆளை முட்டும். காலையில பிள்ளைங்க வருமேன்னு விரட்டினேன். கத்தினேன். வண்டியில சிந்திக் கிடந்த கழுவின கிழங்கை எடுத்து வீசினேன். நகரலை. கடைசியில கயிறு போட்டு இழுத்தேன். தலை கையோட வந்துடுச்சு."

லாய்டு துடைப்பத்தை மெதுவாகச் சுவரில் சாய்த்தார். "ஆறு வருஷம்டா ரெனால்ட். ஆறு வருஷம்!"

"சாயங்காலத்துக்குள்ள தைச்சு நிறுத்திடலாம்னுதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். என் பொண்டாட்டி சாக்கு ஊசியோட உக்காந்திருக்கா. சிரிச்சுச் சிரிச்சு அவளால நூலே கோக்க முடியலை."

"அதுக்குள்ள இந்தப் பொண்ணு மேல பழி விழுந்துடுச்சு," என்றாள் ஒடீல். "அவ வகுப்புக்கே இன்னிக்கி விழா இல்லைன்னு ஆகப்போகுது."

ரெனால்டின் முகம் மாறியது. எழுந்து ஃபேயிடம் போனார். "அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா காலையிலயே வந்திருப்பேன். மன்னிச்சுக்கோ."

ஃபே அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கொம்பு உடைஞ்சிடுச்சா?"

"கீறல்கூட இல்லை. நீ போட்ட முடிச்சு அப்படி."

"சரி," என்றாள் ஃபே. பிறகு, "எத்தனை கிழங்கு வீசினீங்க?"

"நாலு."

"எத்தனை பட்டுச்சு?"

ரெனால்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"நாலும் மானைத் தாண்டித்தான் கிடந்துச்சு," என்றாள் ஒடீல்.

முதலில் சிரித்தது லாய்டுதான். அப்புறம் எல்லோரும். ஹாஸ்கெல் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, ஃபேயிடம் வந்து, தீர விசாரிக்காமல் முடிவு செய்தது தன் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மார்லா அலுவலகத்தில் உட்கார்ந்து மடலின் கடைசிப் பத்தியைத் திருத்தினாள். 'புதிய விளையாட்டு: கிழங்கு எறிதல். நடத்துபவர் லாய்டு. முதல் எறி திரு. ரெனால்டுக்கு. ஆறாம் வகுப்பின் மான் ஐந்து மணிக்குத் திரும்பும். கொம்பு வழங்கியவர்: ஃபே.'

பின்னால் நின்று படித்த ஃபே திரையில் விரல் வைத்தாள். "இதை மட்டும் மாத்திடுங்க மிஸ். 'எட்டாம் வகுப்பு'ன்னு போடுங்க."

"கண்டெடுத்தது நீதானே? கட்டினதும் நீதானே?"

"பெயிண்ட் எல்லாரும் சேர்ந்துதானே மிஸ் அடிச்சோம்."

மார்லா மாற்றி அடித்து, மடலை அனுப்பினாள்.