காய்ந்த தரை

கான்ஸ்டபிள் வேல்விழி மதிய டூட்டிக்கு வந்து இறங்கியபோது, திராட்சை ஏற்றிய லோடு ஆட்டோ இன்னும் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. வெயிலில் பழம் வெடித்துச் சாறு ஒழுகியது. ஈ மொய்த்தது. அதை ஓட்டி வந்த பிச்சைமணி முந்தின நாள் ஸ்டேஷனுக்குள்ளேயே செத்துப்போனான். வண்டியை ஓரங்கட்டச் சொன்னபோது "இருங்க சார்" என்றதுதான் அவன் செய்த குற்றம்.

அடித்தவன் எஸ்.ஐ. ஈஸ்வரபாண்டி. ஜிம்மில் பழகிய ஸ்டீராய்டு ஊசி அவன் கழுத்தைத் தலையளவு அகலமாக்கியிருந்தது. முதுகெங்கும் சீழ்க்கட்டிகள். பனியனில் மஞ்சள் கறை. பக்கத்தில் போனால் ஊறிய தோலின் வாடை. மார்பு பெண்பிள்ளை மார்பு போலத் தொங்கியது. அதை எவன் கண்ணாவது தொட்டுவிட்டால் அவனுக்கு அன்று உதை நிச்சயம்.

"ஏத்தா, நாளைக்குக் காலைல மாஜிஸ்ட்ரேட் வர்றாக. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு நீ சொல்லணும். பாராவுல நின்னது நீதான?"

"அந்தக் குழாய்ல தண்ணியே வராது சார். தரை காஞ்சு கிடக்கு."

"வாளி இருக்குல்ல? தொட்டில மோந்து ஊத்தி ஊற வை."

"சொல்லலேன்னா?"

அவன் சிரித்தான். "உனக்கும் வழுக்கும்."

ஏட்டு சீனிச்சாமி அவள் காதருகே முணுமுணுத்தார். "நம்ம ஸ்டேஷன்ல வழுக்காதவன் யாரு தாயி? வழுக்குனவனுக்கெல்லாம் வலது கைலதேன் மாவுக்கட்டு."

பின்கட்டில் ஜன்னலில்லாத பாத்ரூம். மூத்திரமும் பினாயிலும் நாறின. அதற்கு அடியில் புளித்த திராட்சை வாடை. அந்த மூலையில்தான் பிச்சைமணி கிடந்து, "தண்ணி, அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் கொண்டுபோன செம்பை ஈஸ்வரபாண்டி எட்டி உதைத்தான். செம்பு மோதிய தடம் இன்னும் சுவரில் தெரிந்தது.

முதல் வாளியை ஊற்றினாள். தண்ணீர் பரவியது. பிறகு காணவில்லை. சாக்கடைத் துளையை அது தொடவே இல்லை. சிமெண்ட் வெளுத்துக் கிடந்தது.

மூலையிலிருந்து ஒரு சத்தம்.

மடக்.

யாரோ விழுங்குகிற சத்தம்.

அடுத்த வாளி. மடக், மடக். தொண்டை காய்ந்தவன் அவசர அவசரமாகக் குடிப்பது போல.

முன்னறையிலிருந்து ஈஸ்வரபாண்டி கத்தினான். "யோவ் ஏட்டு! ஷூவைக் கழட்டுய்யா! காலு உப்புது!"

வேல்விழி எட்டிப் பார்த்தாள். சீனிச்சாமி மண்டியிட்டு, அவன் கெண்டைக்காலை விரலால் அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"உடம்பு பூரா தண்ணி கட்டிருக்கு சார். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"போய்யா! ஏத்தா, நனைஞ்சிருச்சா?"

"இல்ல சார்."

"இன்னும் ஊத்துடி!"

அவள் வாளியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கண்ணிமைகள் வீங்கி, கண்ணே கீறலாகிவிட்டது. அவளுக்குப் புரிந்தது.

ஊற்றினாள்.

ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

முன்னறையில் அலறல். தொடையிலும் புஜத்திலும் ஊசி குத்திய துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சீழ் முதலில் வந்தது, கெட்டித் தயிர் போல. பின்னால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சியது. நாற்காலி, மேஜை, சீனிச்சாமியின் காக்கி எல்லாம் நனைந்தன. திராட்சை புளித்த நாற்றத்தில் சீனிச்சாமி வாந்தி எடுத்தார். ஈஸ்வரபாண்டி எழுந்தான். தன்னிடமிருந்து ஒழுகியதிலேயே கால் வைத்தான்.

வழுக்கினான்.

வலது கை அடியில் மாட்டி, விறகு முறிவது போல முறிந்தது.

அவனை ஜீப்பில் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். வேல்விழி விசாரிக்கப் போகவில்லை.

காலையில் மாஜிஸ்ட்ரேட் பாத்ரூம் வாசலில் நின்றார். "பிச்சைமணி இங்கதான் வழுக்கி விழுந்தாரா?"

வேல்விழி உள்ளே போய், தரையில் உள்ளங்கையைத் தேய்த்து நீட்டினாள். கையில் வெறும் தூசி.

"இது வழுக்காது ஐயா. எஸ்.ஐ. அடிச்சுத்தான் செத்தான். தண்ணி கேட்டான், குடுக்க விடல. நான் பாத்தேன்."

ஐப்பசியில் அடைமழை. பாத்ரூம் கூரை ஒழுகியது. சொட்டு விழுவது கேட்டது, விழுந்த இடத்தில் ஈரமில்லை.

புது எஸ்.ஐ. பொறுப்பேற்க வந்து, உட்கார்ந்து டீ கேட்டார். சட்டைக்கை புஜத்தில் இறுகிக் கிழியப் பார்த்தது. கழுத்தில் சிவப்புக் கட்டிகள்.

பின்கட்டில் சொட்டியது. மடக்.

அவர் கைக்கடிகார வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டார்.