கதவில் கடைந்த தக்கை

மறுபடியும் யாரோ கதவைத் தட்டினார்கள். பொன்னுலிங்கம் ஆசாரி உளியைக் கீழே போட்டுவிட்டு, நிமிர மறுத்த முழங்காலை இரண்டு கையாலும் அழுத்தி எழுந்து போய்த் திறந்தார். வாசலில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் ஈரமண் தெளிவாகத் தெரிந்தது. ஒரு காலடிகூட இல்லை.

"ஆருலே அது?" என்றார் சலிப்போடு.

விடிந்ததிலிருந்து கடைசல் பட்டறையில் குந்தியிருந்த உடம்பு. மனைவி பேறுகாலத்துக்குத் தாய்வீடு போனதிலிருந்து உலை வைப்பதும் அவர்தான், மகளுக்குத் தலை பின்னுவதும் அவர்தான். போதுமடா சாமி என்றிருந்தது. ஓய்ந்துபோன காது இல்லாததையெல்லாம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

வீடு முழுக்கப் பழைய பிலாமரத்தின் வாசனை. பெண்பிள்ளைகள் காதுத் துளையைப் பெரிதாக்கிக் காது வளர்க்கப் போடும் தக்கையை அவர் ஒருநாளும் புதுமரத்தில் கடைந்ததில்லை. புதுமரம் ஈரத்தில் உப்பும், காதைப் புண்ணாக்கும். இடித்த வீட்டுக் கதவும் நிலையும்தான் அவருக்குத் தோது. இந்தமுறை கோட்டாற்றில் இடித்துப்போட்ட ஒரு வீட்டின் அறைக்கதவை வாங்கி வந்திருந்தார். எந்தக் காலத்திலோ வைசூரி கண்ட மருமகளை அந்த அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டார்களாம். தண்ணீர் கேட்டுத் தட்டித் தட்டியே அடங்கிப்போனாளாம். அதனால் அந்தக் கதவை எவரும் தொடவில்லை. மரம் என்ன பாவம் செய்தது என்று ஆசாரிக்குத் தோன்றியது. வீட்டில் அந்தக் கதையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. முதல் ஜோடியை மகள் பூங்கனிக்கே கடைந்து, மத்தியானம் காதில் போட்டும் விட்டார். பிள்ளை குடத்துத் தண்ணீரில் முகம் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

இப்போது விளக்கடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, வாசலுக்குப் போவாதீங்க. அங்க ஆரும் இல்ல."

"பின்ன ஆரு தட்டுகது?"

"எனக்க காதுக்குள்ள ஒரு அக்கா தட்டுகா."

"சும்மா கெட மக்கா. வலிக்கா?"

"வலிக்கல. தண்ணி கேக்கா. குடத்துத் தண்ணியெல்லாம் நானே குடிச்சிட்டேன். அவளுக்குப் போதலியாம்."

குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. மகளின் நெற்றியில் கை வைத்தார். அடுப்பாகக் கொதித்தது.

அருகில் மண்டியிட்டு, அவள் காதோடு தன் காதை ஒட்டி வைத்தார். வேப்பிலையும் சீழும் கலந்த ஒரு வாடை முதலில் வந்தது. பிறகு, வெகுதூரத்து அறையில் நடப்பதுபோல, உள்ளங்கை ஒன்று பலகையில் மெதுவாக அறைந்தது. ஓய்ந்தது. மறுபடி அறைந்தது. கையில் தெம்பில்லாத ஒருத்தி, ஆனால் விடுவதாயில்லை. நகம் மரத்தைப் பிறாண்டும் சத்தம். தாழ் ஆடும் சத்தம்.

ஐயோ, என் பிள்ளை. அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இந்தச் சனியனைப் பிடுங்கி அடுப்பில் போட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். அந்தக் காதின் தக்கையைப் பிடித்தார்.

"எடுக்காதீங்கப்பா!" பூங்கனி அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். "அது கெடந்தாத்தான் கதவு பூட்டியிருக்கும்!"

"பேசாம இரு மக்கா!"

பிடுங்கிவிட்டார்.

தட்டல் நின்றது.

மழைச் சத்தமும் கேட்கவில்லை. தக்கையை அடுப்பில் எறிந்துவிட்டு மூச்சு வாங்கினார். உடம்பெல்லாம் வியர்வை. அப்பாடா என்றிருந்தது. "முடிஞ்சு மக்கா. இனி ஒண்ணும் இல்ல."

பூங்கனி கண் கொட்டாமல் அவரையே பார்த்தாள்.

தக்கை போன காதுமடல் வளையமாகத் தொங்கியது. அந்தத் துளை வழியே அவள் கழுத்து தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

இருட்டு.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. கொப்புளம் உடைந்து தோலுரிந்த விரல். தடவித் தடவி மடலின் விளிம்பைப் பற்றியது. பக்கத்தில் இன்னொரு விரல். அப்புறம் கட்டைவிரல்.

மெல்ல, வலுவாக, துளையை விரிக்கத் தொடங்கின.