எச்சில் சாட்சி

குழியில் மிதந்தது மாட்டுத் தோல் இல்லை!

மாட்டுத் தோல் கட்டம் போட்ட சட்டை போடாது.

ஆம்பூர் பைபாஸை ஒட்டிப் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும், தோல் பதனிடும் டேனரி. பழைய சுண்ணாம்புக் குழியில் மழைத் தண்ணீர். அதில் குப்புறக் கிடந்தான் ஹேமந்த். வேலூரில் மரபணு ஆராய்ச்சி செய்கிற மாணவன். கழுத்தில் ஒரே வெட்டு.

இன்ஸ்பெக்டர் அந்தோணி மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டார்.

"கத்தி?"

"கரையிலயே கிடந்துச்சி சார். தோல் சீவற கத்தி. அங்கேயிருந்து கேட்டு வரைக்கும் ரத்தம் சொட்டிக்கினே போயிருக்கு. வெட்டுனவன் கையும் கிழிஞ்சிருக்கணும்" என்றார் கான்ஸ்டபிள்.

"வாட்ச்மேன் யாரு?"

"சின்னசாமி சார். பாலாத்தங்கரை இருளர் காலனி ஆளு."

"ஜீப்பை எடு!"

சின்னசாமியின் கையில் வெட்டுக்காயம் இருந்தது. பகலில் விறகு வெட்டுகிறவன் கையில் காயம் இல்லாமல் மருதாணியா இருக்கும்? அந்தோணி அதையெல்லாம் யோசிக்கவில்லை. லாக்கப்பில் தள்ளிப் பூட்டினார்.

மறுநாளே ஸ்டேஷனுக்கு வந்தார் ப்ரொஃபஸர் சுப்பராயன். ஹேமந்துக்கு வழிகாட்டி. கண்கள் கலங்கியிருந்தன.

"அவன் என் பிள்ளை மாதிரி இன்ஸ்பெக்டர்... என்னால ஆன உதவியைச் செய்யறேன். இந்தப் பக்கத்துப் பழங்குடி ஜனங்க எங்கேயிருந்து வந்தாங்க, எந்த வழியா நடந்து வந்தாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன். அந்தக் காலனி மொத்தமும் எச்சில் கொடுத்திருக்காங்க. எல்லாரோட டி.என்.ஏ.வும் என் லேப்ல இருக்கு. புதுசா டெஸ்ட் எடுத்தா மாசக் கணக்காகும். இதை அந்த ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாருங்க!"

"உங்களுக்குப் பெரிய மனசு சார்!"

ஒப்பிட்டார்கள்.

பொருந்தியது!

தரையில் சொட்டிய ரத்தமும், 'சின்னசாமி' என்று பெயர் ஒட்டிய டியூபின் எச்சிலும் ஒரே ஆளுடையவை. பாட்டன் பூட்டனைத் தேட வாங்கிய எச்சில், பேரனைக் கொலைகாரனாக்கிவிட்டது.

அந்தோணி பிரியாணிக்குச் சொல்லி அனுப்பினார். கேஸ் முடிந்தது.

முடியவில்லை!

பார்சல் பிரிப்பதற்குள் ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். சௌமியா. ஹேமந்துடன் அதே லேபில் வேலை பார்ப்பவள்.

"சார்... அந்த எச்சில் சின்னசாமியோடது இல்ல!"

"பேரு ஒட்டியிருக்கேம்மா?"

"பேருதான் ஒட்டியிருக்கு, ஆளு ஒட்டல! அவரோட கூடப் பொறந்த தம்பி எச்சிலும் எங்ககிட்ட இருக்கு. ரெண்டும் உறவே இல்ல சார்!"

அந்தோணி ஒரு மாதிரிச் சிரித்தார். "குடும்பத்துல ஏதாவது முன்னே பின்னே..."

"அப்பா வேறயா இருந்தாக்கூட அம்மா ஒண்ணுதானே சார்? அந்தப் பாதியாவது பொருந்தணும் இல்ல?"

சிரிப்பு நின்றது.

"காலனியில ஒருத்தரோடயும் பொருந்தல. அதையே ப்ரொஃபஸர் புதுக் கண்டுபிடிப்புன்னு எழுதிட்டாரு! வடக்கேயிருந்து ஒரு கூட்டம் பாலாத்தோரமா வந்து இவங்களோட கலந்துச்சாம். ஒத்த டியூபை வெச்சி ஒரு கூட்டத்தையே நடக்க வெச்சிட்டாரு. வெளிநாட்டுல அவார்டு வேற! ஹேமந்த் நம்பல. சின்னசாமிகிட்ட மறுபடியும் எச்சில் வாங்கத்தான் அந்த டேனரிக்குப் போனான்..."



அந்தோணி எழுந்து லாக்கப் பக்கம் போனார். கம்பிக்கு வெளியே சின்னசாமியின் மனைவி அமிர்தவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"யோவ், உண்மையைச் சொல்லு. டியூப்ல இருந்தது உன் எச்சிலா?"

"என்னுதுதான் சார்."

"பொய் சார்!" அமிர்தவள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அன்னிக்கி இவரு எங்க கன்னியம்மா சாமிக்குக் காப்பு கட்டியிருந்தாரு. காப்பு அவுக்கற வரைக்கும் எச்சி துப்பக் கூடாது. எங்க ஊட்டு வழக்கம். முழுங்கித்தான் ஆவணும். துப்ப மாட்டேன்னாரு. எச்சி கேட்டு வந்த அந்தப் பெரிய சாரு, பரவால்ல, நான் பாத்துக்கறேன்னு டியூபைக் காருக்கு எடுத்துனு போனாரு!"

சௌமியாவின் முகம் வெளுத்தது.

"அப்புறம் ஏன்யா உன்னுதுங்கற? கொலைக் கேஸுய்யா இது!"

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"பொண்ணு தமிழினி பன்னெண்டாவது பாஸ் சார். நர்ஸிங் சீட்டு கெடைச்சிருக்கு. எஸ்.டி. சர்டிபிகேட் இல்லாம சேத்துக்க மாட்டாங்க. ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். காலனி மொத்தமும் எச்சி குடுத்தா நாங்க இருளர்னு ருசுவாவும், சர்டிபிகேட் தானா ஊட்டுக்கு வரும்னு அந்தப் பெரிய சாரு சொன்னாரு. என்னுது இல்லன்னா ஒண்ணு கொறையுதே சார்? எல்லாருக்கும் இல்லன்னு ஆயிடுமே?"

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?"

"ஜெயில்ல சோறு போடுவாங்க. பொண்ணுக்குப் படிப்பு யாரு போடுவாங்க?"

சௌமியா அழுதுவிட்டாள்.

"அண்ணே... அந்த எச்சிலுக்கும் சர்டிபிகேட்டுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. ரத்தத்தைப் பார்த்து இன்ன ஜனம்னு சர்டிபிகேட் தர்ற மெஷின் உலகத்துலயே இல்ல."

சின்னசாமி நம்பவில்லை. அவளைத்தான் பரிதாபமாகப் பார்த்தான். பாவம், சின்னப் பெண், இதெல்லாம் தெரியாது போல...

மாலையில் சுப்பராயன் வந்தார். கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தோணி கூப்பிட்டிருந்தார். மேஜை மேல் பேனா இல்லை. ஒரு காலி டியூப் இருந்தது.

"துப்புங்க சார்!"

"வாட்?"

"டியூப்ல துப்புங்க. சின்னசாமி மாதிரி நீங்களும் காப்பு கட்டியிருக்கீங்களா?"

"என்னையா சந்தேகப்படறீங்க?"

"சேச்சே... நீங்க எந்த வழியா நடந்து வந்தீங்கன்னு ஒரு சின்ன ஆராய்ச்சி!"

சுப்பராயன் டியூபைப் பார்த்தார். முழுக்கைச் சட்டையின் கை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தோணி அந்தக் கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றினார். முழங்கை வரை கட்டு!

ப்ரொஃபஸர் நாற்காலியில் சரிந்தார்.

"ஒரே ஒரு டியூப்தான் குறைஞ்சது... ஒருத்தர் எச்சில்ல என்ன ஆயிடப் போகுதுன்னு நானே துப்பிட்டேன். ரிசல்ட்ல அது மட்டும் தனியா நின்னுச்சு. எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. அவார்டு கொடுத்தாங்க. அப்புறம் எந்த முகத்தோட அது என் எச்சில்னு சொல்றது? ஹேமந்த் சொல்லியே தீரணும்னான். டேனரிக்குப் பின்னாலயே போனேன், சின்னசாமி டூட்டிக்கு வர்றதுக்குள்ள..."

"அதுக்கு ஒரு அப்பாவியை மாட்டி விடுவீங்களா?"

"அவனுக்காக யார் வந்து கேக்கப் போறாங்கன்னு..."

ஜீப்பை எடுக்கச் சொன்னபோது அந்தோணியும் அதைத்தான் நினைத்திருந்தார். வெட்கமாக இருந்தது.

சுப்பராயன் உள்ளே போனார். சின்னசாமி வெளியே வந்தான். இதோடு 'சுபம்' போட்டுவிட எனக்கும் ஆசைதான். மன்னிக்கவும்!

சில நாள் கழித்து சின்னசாமி ஸ்டேஷன் வாசலில் நின்றான்.

"இன்னாய்யா, பொண்ணு காலேஜ் போவுதா?"

"ஷூ கம்பெனிக்குப் போவுது சார். பசை தடவற வேலை. ஆபீஸ்ல மனுவைத் தள்ளிட்டாங்க. உங்க ரத்தத்துல வடக்கத்தி ஆளு இருக்கறதா பேப்பர்ல வந்திருக்கே, நீ எப்படி இருளர்னு கேட்டாங்க."

"அது ப்ரொஃபஸர் எச்சில்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சார். அப்ப உன் எச்சி எங்கேன்னு கேட்டாங்க."

அந்தோணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சீட்டு இன்னும் இருக்கா?"

"நாளைக்கு வரைக்கும் சார். நீங்க என்னைப் புடிச்சப்ப இருளர்னு எழுதி, சீல் குத்தி கோர்ட்டுக்கு அனுப்புனீங்களே... அதைக் காட்டலாமா?"

"நீதான் குற்றவாளி இல்லைன்னு ஆயிடுச்சேய்யா. அது இனிமே செல்லாது."

சின்னசாமி இரண்டு கைகளையும் சேர்த்து விலங்குக்கு நீட்டினான்.

"அப்ப வேற ஒரு கேஸு போடுங்க சார்... எந்த டெஸ்ட்டும் எடுக்காம எங்களை இருளர்னு நம்பறது நீங்க மட்டும்தான்!"